கடல் தாண்டாமல் வக்கீல் படிப்பு

அந்தமானில் ரயில் கிடையாது. ஆனால் ரயில் டிக்கெட் முன்பதிவு கவுண்டர் உண்டு. கப்பலிலோ விமானத்திலோ சென்னை போய் இறங்குகிறவர்கள், அங்கிருந்து மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் போக இங்கேயே டிக்கெட் எடுத்துக் கொள்கிறார்கள்.

சட்டப் படிப்பும் வெகு காலம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. படிக்க ஆசைப்பட்டவர்கள் தீவில் இருந்தார்கள். கல்லூரி சென்னையில் இருந்தது, புதுச்சேரியில் இருந்தது, கல்கத்தாவில் இருந்தது. சென்னைக்குக் கடல் தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். மகனை அனுப்பினால் ஹாஸ்டல் செலவு, மகளை அனுப்பினால் அதோடு கவலையும். கொத்து வேலைக்கும் மீன்பிடிக்கவும் வந்த தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேரால் இது முடியும்?

2016-ம் ஆண்டு அந்தமான் சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு, பிளஸ்-2 முடித்தவர்கள் சேரும் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. படிப்பு ஆரம்பமாயிற்று. அதன் பிறகுதான் கப்பல் ஏறாமலே வக்கீலுக்குப் படிக்கலாம் என்ற நிலை தீவில் ஏற்பட்டது.

மரைன் ஹில்

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஊரார் வாயில் பழைய பெயர்தான் இன்னும் அதிகம் வருகிறது. அந்த ஊரின் மேட்டுப் பகுதிகளில் ஒன்று மரைன் ஹில். பிரபல கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த ஓட்டல் ஒன்று இந்தச் சரிவில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் ராஸ் தீவு தெரியும். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் வடக்கு விரிகுடாக் கலங்கரை விளக்கம். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னை மரங்களோடு இருக்கும் காட்சி அந்த விளக்கம் உள்ள கரைதான். நோட்டை எண்ணியவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். அது எந்த ஊர் என்று யோசித்தவர்கள் குறைவு.

இந்த மேட்டில் வாடகை அறை ஒன்றில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக் கொள்வோம். பெயர் எதற்கு? தகப்பனார் ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த கொத்தனார். குடும்பம் வடக்கே ரங்கத்தில். இவர் வேறு இரண்டு பெண்களோடு அறையைப் பங்கிட்டுக் கொண்டு இருக்கிறார். மூன்றாம் ஆண்டு படிப்பு. இப்படிப்பட்டவர்களின் ஒரு செமஸ்டர் எப்படிக் கழிகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

மேல் நாட்டில் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை உள்ள பருவத்தை இலையுதிர்கால செமஸ்டர் என்கிறார்கள். இங்கே அந்த மாதங்களில் இலை உதிருவதில்லை, மழைதான் உதிருகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் இங்கே 3,000. தென்மேற்குப் பருவ மழை ஓய்வதற்குள் வடகிழக்கு வந்து விடும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. அதைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். புத்தகத்தில் பூஞ்சணம் பிடிப்பதைத்தான் பொறுக்க முடியாது. சட்டப் புத்தகம் ஒவ்வொன்றும் செங்கல் கனம், விலையும் அப்படியே. அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, வெயில் தலை காட்டினால் முதலில் புத்தகத்தைத்தான் வெளியே வைக்கிறார்கள். துணி அப்புறம்.

இன்னொரு சங்கடம் சூரியன். நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அந்தமான் மும்பைக்கு 20 டிகிரி கிழக்கே இருக்கிறது. காலை ஐந்தரைக்கெல்லாம் நன்றாக வெளுத்து விடும். நவம்பரில் மாலை ஐந்து மணிக்கு இருட்டு. மும்பையில் நாம் ஆபீசில் கடைசி பைலைக் கட்டுகிற நேரத்தில் இங்கே தெரு விளக்கு எரிகிறது. ஆகவே படிப்பு விடியற்காலையில்தான். நாலரை மணிக்கு எழுந்து ஏழு வரை படித்து விட்டு, சோறு வைத்துக் கட்டிக் கொண்டு டவுன் பஸ்சுக்கு ஓட வேண்டும். காய்கறி பெரும்பாலும் கப்பலில் வருவது. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் தக்காளி விலையைக் கேட்க முடியாது. மீனுக்கு அந்தக் கவலை இல்லை.

எழுபது சதவீதம்

இந்திய பார் கவுன்சில் 2008-ம் ஆண்டு வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வகுப்புகளுக்கு வந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு. ஒரு பாடத்தில் 60 வகுப்பு நடந்தால் 42-க்கு வந்தாக வேண்டும். 18-ஐத் தவற விடலாம். பதினெட்டு தாராளம் என்று தோன்றும். தீவுக் கணக்கு வேறு.

கச்சாலிலிருந்தும் லிட்டில் அந்தமானிலிருந்தும் வரும் மாணவர்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பக் கப்பல்தான் கதி. கடல் சரியில்லை என்றால் பயணம் ரத்து. திக்லிப்பூர் மாணவருக்குச் சாலை உண்டு. ஆனால் 300 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஜிர்காடாங் சோதனைச் சாவடி. அதற்கப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. வண்டிகள் குறித்த நேரத்தில், வரிசையாக, போலீஸ் காவலோடுதான் போக வேண்டும். நேரம் தவறினால் அடுத்த வரிசை வரை காத்திருக்க வேண்டியதுதான். தீபாவளிக்குப் போன மாணவர் நான்கு நாளில் திரும்ப நினைத்து எட்டு நாளில் திரும்புவதும் உண்டு. பதினெட்டில் பாதி அதிலேயே போயிற்று. நோட்டின் கடைசிப் பக்கத்தில் வராத நாட்களுக்குக் கோடு போட்டு வைத்துக் கொள்கிறார்கள், வண்ணான் கணக்குப் போல.

அந்தச் சாவடியே சட்ட மாணவருக்கு ஒரு பாடம்தான். அந்தமான் நிக்கோபார் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1956-ல் வந்தது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தக் காட்டு மக்களின் பாதுகாப்புக்காக. 2002 மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவும் தீவுவாசிகளுக்குத் தெரிந்ததே. காட்டில் மரம் வெட்டுவதையும், காட்டு நில ஆக்கிரமிப்பையும் பற்றியது அது. 1978-க்குப் பிறகு காட்டோரம் குடிசை போட்ட குடும்பங்களுக்கு அன்றிலிருந்து தூக்கம் குறைவு. அவர்களில் தமிழர்களும் உண்டு. வகுப்பில் காடுகள் வழக்கு என்று பாடம் நடக்கும்போது, தன் சொந்தக்காரர் வீட்டுக் கூரை நினைவுக்கு வரும் மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள். காட்டையும் காக்க வேண்டும், குடிசையையும் காக்க வேண்டும் என்றால் எந்தப் பக்கம் வாதாடுவது? பரீட்சையில் எந்தப் பக்கம் எழுதினாலும் மார்க் உண்டு. ஊரில் அப்படி இல்லை.

போர் ட்வென்டி எங்கே?

2024 ஜூலை 1-ந் தேதி முதல் நாட்டின் மூன்று பெரிய குற்றவியல் சட்டங்கள் மாறின. 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. கொலைக்கு 302 என்று குழந்தைக்கும் தெரியும், இப்போது 103. ஏமாற்றுக்காரனை 'போர் ட்வென்டி' என்று திட்டிக் கொண்டிருந்தோமே, அந்த 420 இப்போது 318-க்குள் நான்காவது உட்பிரிவாக ஒடுங்கி விட்டது. 144 தடை உத்தரவு புதிய நடைமுறைச் சட்டத்தில் 163.

பழையதை மறந்து விட்டுப் புதியதை மட்டும் படித்தால் போதுமா என்றால், போதாது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டத்தின்படியே தண்டனை. அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டு ஓடும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் தீர்ப்புகளிலெல்லாம் பழைய எண்களே இருக்கின்றன. எனவே இரண்டு நோட்டு. இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதிய எண். சுவரில் ஒட்டிய பட்டியல் மழை ஈரத்தில் உரிந்து விழுந்தால் மறுபடி எழுதி ஒட்ட வேண்டும்.

தொழிலாளர் சட்டத்திலும் இதே கதை. 29 சட்டங்களை நான்காகச் சுருக்கிய தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்தன. வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கென்று இருந்த 1979-ம் ஆண்டுச் சட்டமும் அந்த நான்கில் ஒன்றில் கரைந்து விட்டது. இது நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

மொழி வேறு இடிக்கிறது. 2011 கணக்குப்படி தீவில் 100-க்கு 15 பேர் தமிழ் பேசுகிறவர்கள்; வங்காளிகள் அதைவிட அதிகம்; கடைத்தெருவில் எல்லோருக்கும் பொது இந்தி. வீட்டில் தமிழ், பஸ்சில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம், ஆங்கிலத்துக்குள் லத்தீன். ரெஸ் ஜுடிகாட்டா என்பதை நம் மாணவி முதலில் உருப்போட்டார், புரியவில்லை. பிறகு, "ஒரு தடவை பஞ்சாயத்தில் தீர்ந்த வழக்கை மறுபடி கிளப்பாதே" என்று அம்மா சொல்வதுதான் அது என்று தானே கண்டுபிடித்துக் கொண்டார். அதன் பின் மறக்கவில்லை.

கறுப்புக் கோட்டு

செய்முறைப் பாடங்களில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது மூட் கோர்ட்டு, அதாவது பாவனை நீதிமன்றம். மூன்று முறை வாதாட வேண்டும், 30 மார்க். ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு இரண்டையும் நிஜக் கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெழுத வேண்டும், அதற்கு 30. வெள்ளை உடுப்பு, கறுப்புக் கோட்டு. இந்தப் புழுக்கத்தில் கோட்டுப் போட்டு ஐந்து நிமிடம் நின்றாலே முதுகு நனைந்து விடுகிறது. ஒரே கோட்டை அறையில் இருக்கும் மூவரும் மாற்றி மாற்றிப் போட்டுக் கொள்கிறார்கள். கை நீளம் ஒருத்திக்குச் சரி, மற்ற இருவருக்கும் மடித்துத் தைத்தது.

அந்தமானுக்குத் தனி ஐகோர்ட்டு கிடையாது. 1953-ம் ஆண்டின் சட்டப்படி கல்கத்தா ஐகோர்ட்டின் அதிகாரம் இங்கே செல்லும். நீதிபதிகள் அங்கிருந்து முறை வைத்து வந்து சர்க்யூட் பெஞ்சில் வழக்குக் கேட்கிறார்கள். அந்த நாட்களில் இடம் கிடைத்தால் மாணவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்து விடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கட்சிக்காரர்கள்

விடுமுறை நாளில் படிக்கலாம் என்றால் ஆள் வந்து விடும். "பாப்பா, இந்தக் காகிதத்தை ஒரு தடவை படிச்சுச் சொல்லும்மா" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் நிற்பார். நோட்டீசு ஆங்கிலத்தில் இருக்கும். மேஸ்திரி கூலி பாக்கி வைத்திருப்பார். அல்லது வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருப்பார். "மாமா, நான் இன்னும் வக்கீல் இல்லை. படிச்சுச் சொல்றேன், அவ்வளவுதான் செய்ய முடியும்" என்று சொல்லித்தான் வாங்குகிறார்.

ஆனாலும் வழி காட்ட முடிகிறது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவு, இலவச வக்கீல் உதவி யாருக்கு என்று சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள், இயற்கைச் சீற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவசத் தொலைபேசி எண் 15100. இது அந்தமானுக்கு மட்டும் அல்ல. தாராவியில் கூலி பாக்கிக்காக அலைகிறவருக்கும் இதே எண்தான்.

ஆபீசு முடிந்து நாமும் சட்டம் படிக்கலாமா என்று எண்ணும் குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மாலைக் கல்லூரியில் படித்து வக்கீலானவர்கள் முன்பு ஏராளம். 2008 விதிகள் வகுப்பு நேரத்தைக் காலை 8 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையே நிறுத்தி விட்டன. வருகைக் கணக்கும் மேலே சொன்னதுதான். யாராவது 'வராமலே பட்டம்' என்றால் பணத்தைக் கையில் பிடித்துக் கொள்ளுங்கள்.

மீண்டும் கடல்

செமஸ்டர் பரீட்சை முடிவதற்குள் டிசம்பர் வந்து விடும். ஐந்தாண்டும் முடிந்த பிறகு ஒரு விஷயம் பாக்கி. வக்கீலாகப் பதிவு செய்து கொள்ள வேண்டும். வக்கீல்கள் சட்டம் 1961-ன்படி அந்தமானுக்கும் மேற்கு வங்காளத்துக்கும் ஒரே பார் கவுன்சில்; அது இருப்பது கல்கத்தாவில். அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும்.

பதிவுக் கட்டணமாகப் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கி வந்தார்கள். 2024 ஜூலை 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடுத்தது. சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 125 ரூபாய்.

இந்தச் செய்தியை மாணவி போனில் சொன்னபோது ரங்கத்தில் இருந்த தகப்பனார் உடனே நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டுக் கொண்டார். "அப்ப கல்கத்தா கப்பலுக்கு மட்டும் சேர்த்து வச்சாப் போதுமாம்மா?" என்றார். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே அப்பா என்றதற்கு, இப்போதிருந்தே மாதம் 500 ரூபாய் எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.