மார்கழி மழையில் ஊருக்குக் கிளம்பலாமா?

‘கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை’ என்பார்கள். 2023-இல் கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தது டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை தொடங்கி மறுநாள் காலை எட்டரை மணிக்குள் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. கரிசல் காடான கோவில்பட்டியில்கூட 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை முழுவதும் சேர்த்துத் தமிழ்நாட்டுக்குத் தருவதே சராசரியாக 44 சென்டிமீட்டர்தான்.

தண்ணீரை லாரிக் கணக்கில் அளந்து பழகிய அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு லாரிக் கணக்கிலேயே சொல்லலாம். 95 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சென்ட் நிலத்தின் மேல் மட்டும் சுமார் 38,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் மூன்றை ஒரு சென்ட் மனையில் கவிழ்த்ததற்குச் சமம். அடுத்த சென்டுக்கும் மூன்று, அதற்கடுத்த சென்டுக்கும் மூன்று.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பிள்ளைக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருக்கும் குடும்பங்களில் பல திருச்செந்தூருக்குத்தான் வேன் பிடிக்கும். பந்தல்குடி, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாக 130 கிலோமீட்டர் அளவில் பயணம். விடியற்காலை கிளம்பினால் மதியச் சாப்பாடு அங்கே, இரவுச் சாப்பாடு வீட்டில். இப்படி ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு டிவியில் மழை எச்சரிக்கை ஓடும்போது போவதா, தள்ளிப்போடுவதா? குடும்பங்கள் கூடத்தில் உட்கார்ந்து எடுக்கும் இந்த முடிவைப் பற்றி வானிலை அறிவியலும் இயற்பியலும் உளவியலும் நிறையவே சொல்லி வைத்திருக்கின்றன.

மழையே வராத ஊரின் தைரியம்

“நம்ம ஊர்ல தூறல்கூட இல்ல, அப்பத்தா. அங்க மட்டும் என்ன பெய்ஞ்சிரப் போகுது?” என்று பேரன் கேட்பான். “எத்தன வருசம் பாத்திருக்கேன், மழ வரும்னு சொல்லுவான், ஒண்ணும் வராது” என்று அப்பத்தாவும் ஒத்து ஊதுவார். இருவர் சொல்வதும் அனுபவத்திலிருந்து வருவதுதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

2004-இல் ரால்ஃப் ஹெர்ட்விக், இடோ எரெவ் உள்ளிட்ட உளவியலாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு விளைவும் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை எழுதியே கொடுத்துவிட்டார்கள். மறு பகுதியினர் கணினியில் பொத்தானை அழுத்தி அழுத்தி, என்ன வருகிறது என்று தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்தில் படித்தவர்கள் அபூர்வமாக நடப்பதற்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுத்தார்கள். அழுத்திப் பார்த்துக் கற்றவர்கள் அதே விளைவைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை. அபூர்வமானது அவர்கள் கைக்கு அநேகமாக வரவில்லை. வராதது கணக்கிலும் ஏறவில்லை.

வானம் பார்த்த பூமியில் வாழ்வது இந்த இரண்டாவது வகைச் சோதனையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான். ஐப்பசியில் வரும் என்று சொன்ன மழை வரவில்லை. புயல் என்றார்கள், கடலோரத்தோடு திரும்பிப் போனது. மழை எச்சரிக்கை என்றால் இங்கே பயம் வருவதில்லை, ஆசைதான் வருகிறது. திருச்சுழி திருமேனிநாதர் கோயில் தல புராணம் பேசுவதே ஒரு பெருவெள்ளத்தைப் பற்றித்தான். ஆனால் அந்த ஊரில் வளர்ந்தவர்களின் நினைவில் இருப்பது தண்ணீர்க் குடமும் வரிசையும். கார்த்திகையைப் பற்றிய சொலவடையும் அப்படித்தான். சராசரிக்கு அது பொருந்தும். ஒரு குடும்பம் பயணம் போவதோ குறிப்பிட்ட ஒரு நாளில். அந்த நாளுக்குச் சராசரி பொறுப்பேற்காது.

‘அதி கனமழை’க்கு மேலே என்ன?

இந்திய வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் பெய்யும் பலத்த மழையை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேலே அதி கனமழை. மேல்படிக்கு உச்சவரம்பு கிடையாது. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் அதி கனமழை, 95 பெய்தாலும் அதி கனமழைதான். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 17-ஆம் தேதி அது சிவப்புக்கு மாறியது. எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று மாநில அரசும் மத்திய அரசும் பின்னர் மோதிக்கொண்டன. ஆனால் 95 என்ற எண்ணை முன்கூட்டியே எந்தத் தரப்பும் சொல்லவில்லை.

அன்று புயல் எதுவும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி நின்றது. வெதுவெதுப்பான கடல் மேல் வந்த ஈரமான கீழைக்காற்றை அது நிலத்துக்குள் இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. சுழற்சி நகர்ந்து போயிருந்தால் மழை பல மாவட்டங்களுக்குப் பரவியிருக்கும். மெதுவாக அசைந்ததால் ஒரே பகுதியின் மேல் மேகம் அடுத்தடுத்துத் திரண்டு ஒரே இடத்தில் இறங்கியது. ‘தென் மாவட்டங்களில் பெருமழை’ என்பதைக் கணினி மாதிரிகள் சொல்லிவிடும். எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் என்பது இன்னும் அவற்றின் பிடிக்குள் முழுதாக வரவில்லை.

எனவே எச்சரிக்கை நிறங்களை மழையின் அளவாக வாசிக்கக் கூடாது, நாம் செய்ய வேண்டியதாக வாசிக்க வேண்டும். பச்சை என்றால் வேலையைப் பார்க்கலாம். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு. பயணம் போகிறவருக்கு அந்த நடவடிக்கை, கிளம்பாமல் இருப்பது.

கரிசலும் தரைப்பாலமும்

வறண்ட நிலம் தண்ணீரைக் குடித்துவிடும் என்று நினைப்போம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், முதல் மழையை வெடிப்பு வழியாக உள்ளே இழுத்துக்கொள்வது உண்மைதான். அந்த மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். ஈரம் பட்டதும் அது உப்பி வெடிப்புகளை அடைத்துவிடும். அதன் பிறகு தண்ணீர் உள்ளே இறங்கும் வேகம் மிகமிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏற்கெனவே ஊறிய கரிசலில் மார்கழியில் விழும் பெருமழை கிட்டத்தட்ட முழுவதும் மேலேயே ஓடும்.

ஓடும் தண்ணீர் கண்மாய்க்குப் போகும். இங்கே கண்மாய்கள் சங்கிலித் தொடர். ஒன்று மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்குத் தண்ணீர். மேலே ஒரு கரை உடைந்தால் அந்த மொத்தத் தண்ணீரும் கீழே இருக்கும் கண்மாயின் தலையில் விழும். குண்டாற்றின் வெள்ளத்துக்கோ திருச்சுழியில் மழை பெய்யவே வேண்டாம். மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பெய்தால் போதும், திருமங்கலம் தாண்டி இங்கே வந்து சேரும். தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், நரிக்குடி, கமுதிப் பக்கம் போகும் கிளைச் சாலைகளில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

அந்தத் தரைப்பாலத்தில்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ‘முழங்கால் அளவுகூட இல்லையே’ என்று வண்டியை இறக்குகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய காரின் அடிப்பரப்பு சுமார் மூன்றரை மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். தண்ணீர் காரின் அடித்தளத்தைத் தொட்ட பிறகு உயரும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 560 கிலோ எடையை மேலே தூக்கும். காரும் உள்ளே இருக்கும் நான்கு பேருமாகச் சேர்ந்து 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், அடித்தளத்துக்கு மேல் 21 சென்டிமீட்டர் ஏறினாலே கார் மிதக்கத் தொடங்கிவிடும். தரையிலிருந்து அடித்தளம் வரை உள்ள 17 சென்டிமீட்டரைக் கூட்டினாலும் மொத்தம் 38. பெரியவர்களுக்கு இது முழங்காலுக்குக் கீழே.

முழுதாக மிதப்பதற்கு வெகு முன்பே டயர்களின் பிடி போய்விடும். இன்ஜின் முன்னால் இருப்பதால் பின்பக்கம் முதலில் தூக்கும். ஓட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ளும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆஸ்திரேலிய வெள்ளப் பொறியியல் வழிகாட்டிகள் சிறிய கார்களுக்கு, தண்ணீர் ஓடாமல் நின்றாலும் 30 சென்டிமீட்டரே எல்லை என்கின்றன. வேகமாக ஓடும் தண்ணீரில் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். கலங்கல் தண்ணீருக்கு அடியில் பாலத்தின் ஓரம் அரித்துப் போயிருக்கிறதா என்பது ஓட்டுபவருக்குத் தெரிய வழியே இல்லை. முன்னால் போன டிராக்டர் கடந்துவிட்டது என்பதும் காருக்கு உத்தரவாதம் அல்ல.

போகும் நாளா, திரும்பும் நாளா?

2023 டிசம்பர் 17 இரவு எட்டரை மணி வாக்கில் செந்தூர் எக்ஸ்பிரஸ் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. சுமார் 800 பயணிகள். சாமி கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களும் அவர்களில் உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். மற்ற சுமார் 500 பேரைச் சுற்றி எங்கும் வெள்ளம். சுற்றுவட்டாரக் கிராமத்தினர் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. எல்லோரும் மீட்கப்பட்டபோது 19-ஆம் தேதி ஆகிவிட்டது.

சிக்கியது திரும்பும் வழியில். நாமோ கிளம்பும் நேரத்து வானத்தைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, திரும்பும் நேரத்து வானத்தைக் கேட்பதே இல்லை. மழை விட்ட பிறகும் ஆபத்து கூடிக்கொண்டே போகலாம். பாபநாசம், மணிமுத்தாறு மலைகளில் விழுந்த தண்ணீர் ஸ்ரீவைகுண்டத்தை அடையப் பல மணி நேரம் எடுக்கும். அருப்புக்கோட்டைக் குழாய்களில் குடிநீராக வரும் அதே தாமிரபரணிதான் அது.

போகும் வழியில் சிக்கியவர்களும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலை இந்தப் பகுதி மறக்க முடியாது. அன்று அருப்புக்கோட்டையும் அதே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஊருக்கு வெளியே சிக்னல் எரியவில்லை என்றும், காத்திருந்த ஓட்டுநர் விசில் கொடுத்துவிட்டு ரயிலை நகர்த்தினார் என்றும் சொல்லப்படுகிறது. சேருமிடம் கண்ணுக்கெட்டும் தூரம். புயல் அலையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலையில் பனிப்பொழிவு பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கார்களில் போனவர்கள் சாலையிலேயே பனியில் புதைந்தார்கள். குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றி இன்ஜினை ஓடவிட்ட கார்களுக்குள் கார்பன் மோனாக்சைடும் புகுந்ததாகச் செய்திகள் வந்தன. இறந்தவர்கள் 20-க்கும் மேல்.

பாதி வழி வந்த பிறகு திரும்ப மனம் வராது என்பதை விமானிகளிடமும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கொடுத்த காசும் நம்மைப் பிடித்துத் தள்ளும். 1985-இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பனிச்சறுக்குப் பயணம் இரண்டுக்குச் சீட்டு வாங்கிவிட்டீர்கள், ஒன்று 100 டாலர், மற்றது 50. 50 டாலர் பயணம்தான் உங்களுக்கு அதிகம் பிடிக்கும். இரண்டும் ஒரே வார இறுதி, சீட்டைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. எதற்குப் போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டோர் 100 டாலர் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே என்று நாம் கிளம்புவதும் இந்தக் கணக்கில்தான்.

முடிவை எப்போது எடுப்பது?

வானிலை அறிவியலில் இதற்கு எளிமையான ஒரு வகுத்தல் உண்டு. பயணத்தைத் தள்ளிப்போட்டால் ஆகும் நஷ்டத்தை, போய்ச் சிக்கினால் ஆகும் நஷ்டத்தால் வகுக்க வேண்டும். வேன் அட்வான்ஸ், வாங்கிய பொருள் எல்லாமாக 6,000 ரூபாய் போகும். சிக்கினால் வண்டி ரிப்பேர், வேலை இழப்பு, மருத்துவம் என 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விடை 4 சதவீதம். அதாவது ஆபத்துக்கு 25-இல் ஒரு வாய்ப்புக்கு மேல் இருந்தாலே தள்ளிப்போடுவது லாபம். ‘மழை வர வாய்ப்பு பாதிக்குப் பாதிதானே’ என்று தைரியம் சொல்பவர் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் உயிருக்கு இதில் விலை வைக்கவே இல்லை.

அதற்காக ஒவ்வொரு மஞ்சள் எச்சரிக்கைக்கும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் மார்கழியில் எங்குமே போக முடியாது. முடிவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். மூன்று நாள் முன்னதாக, பணம் கட்டும் முன்பே எல்லைக்கோட்டைச் சொல்லிவிடுங்கள்: வழியிலுள்ள எந்த மாவட்டமாவது சிவப்பானால் போவதில்லை, ஆரஞ்சு என்றால் பிள்ளைகளும் முதியவர்களும் வருவதில்லை. வேன்காரரிடமும் ‘தேதி மாறலாம்’ என்று அப்போதே பேசிவிடலாம். முந்தைய இரவு, விருதுநகர் மாவட்டத்தோடு நிறுத்தாமல் தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி மாவட்ட எச்சரிக்கைகளையும் திரும்பும் நாளையும் சேர்த்துப் பாருங்கள். நாள் நெருங்க நெருங்க முன்னறிவிப்பு தெளிவாகும். கிளம்பும் காலையில் ‘டிஎன் அலர்ட்’ செயலியையோ, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையோ கேட்டுக்கொள்ளலாம். வாசலில் வேன் ஹாரன் அடிக்கும்போது விவாதத்தைத் தொடங்கினால் ஜெயிப்பது ஹாரன்தான்.

நேர்த்திக்கடன் தவறினால் சாமி குற்றம் ஆகிவிடும் என்ற தயக்கம் மிச்சமிருக்கும். அதற்கும் நம் வீடுகளில் வழி உண்டு. நினைத்த நாளில் போக முடியாவிட்டால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். கடன் நிற்கிறது, தேதிதான் மாறுகிறது. தள்ளிப்போடுவது கைவிடுவது ஆகாது என்று பெரியவர்கள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்ட பிறகு, தையில் வெயில் அடிக்கும் ஒரு நாளைக் காலண்டரில் குறிப்பது மட்டும்தான் நம் வேலை.