கோப்பைகளின்மேல் விழும் வெளிச்சம்

பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் தீவில், ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் தளத்தின் பழைய வரைபடக் கூடங்கள் இன்னும் நிற்கின்றன. உயர்ந்த வளைகூரை, வரிசையாகப் பெரிய சன்னல்கள். விளக்கை நம்பி மெல்லிய கோடு இழுக்க முடியாத காலம் அது. பகல் வெளிச்சம் தடையில்லாமல் மேசைமேல் விழும்படி கட்டினார்கள். டைட்டானிக்கும் அதற்கு மூத்த ஒலிம்பிக்கும் முதலில் மிதந்தது இங்கே, தாளில்தான். 2017 முதல் அந்தக் கட்டடம் ஒரு தங்கும் விடுதி. கூடங்களில் ஒன்று மதுக்கூடமாகிவிட்டது. வெளிச்சம் மட்டும் பழையபடியே விழுகிறது, கோப்பைகளின்மேல்.

தீவு என்று பெயரே தவிர, அது மனிதர்கள் போட்ட மண். 1840-களில் துறைமுகக் கால்வாயை ஆழப்படுத்தியபோது தோண்டிய சேற்றைக் கொட்டி உண்டானது. தளம் வருவதற்குமுன் அங்கே பூங்கா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உலாவப் போகும் இடம். 1861-இல் எட்வர்ட் ஹார்லண்டும் ஹாம்பர்க்கிலிருந்து வந்த குஸ்தாவ் உல்ஃபும் கூட்டுச் சேர்ந்தபின் பூங்கா போய் உலைகள் வந்தன. இப்போது உலைகள் போய் உலாவ வருகிறவர்கள் திரும்பியிருக்கிறார்கள், நுழைவுச்சீட்டோடு.

1911-இல் தளத்தில் ஏறக்குறைய 15,000 பேர் வேலை பார்த்தார்கள். அதில் டைட்டானிக்கின்மேல் மட்டும் சுமார் 3,000 பேர். கப்பலின் தகடுகளைப் பிணைத்தவை ஏறத்தாழ 30 லட்சம் ரிவெட் ஆணிகள். கப்பலின் நடுப்பகுதியில் நீரழுத்த இயந்திரம் அவற்றை அழுத்தியது. இயந்திரம் எட்டாத முன்முனையிலும் பின்முனையிலும் கைதான். ஒரு சிறுவன் ஆணியை உலையில் பழுக்கக் காய்ச்சி எறிவான். இன்னொரு சிறுவன் அதைப் பிடித்துத் துளையில் செருகுவான். உட்புறம் ஒருவர் கனத்த சம்மட்டியால் அதன் தலையைத் தாங்கிக்கொள்ள, வெளிப்புறம் இருவர் மாறிமாறி அடிப்பார்கள். அந்த இருவரில் ஒருவர் இடக்கைக்காரராக இருந்தால் தாளம் தவறாது. அடித்த ஆணிகளை எண்ணிக் கூலி கொடுத்தார்கள். பல ஆண்டு இந்த வேலை செய்தவர்களுக்குக் காது கேட்காமல் போவது சாதாரணம். அந்த ஒரு கப்பலைக் கட்டும்போதே எட்டுப் பேர் இறந்தார்கள்.

1911 மே 31 அன்று அதே கப்பல், டன் கணக்கில் கொழுப்பும் சோப்பும் பூசிய சரிவில் 62 நொடிகளில் ஆற்றுக்குள் இறங்கியது. சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். இன்றைய முறையில் அந்த ஆரவாரத்துக்கு வேலை இல்லை. ரிவெட்டின் இடத்தில் வெல்டிங் வந்துவிட்டது. கப்பலைத் தனித்தனிப் பெரும் பாகங்களாகக் கூரைக்கடியில் செய்து, பாரந்தூக்கியால் தூக்கி, கட்டுத்துறைக்குள் வைத்துப் பொருத்துகிறார்கள். கடைசியில் துறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டால் கப்பல் சத்தமில்லாமல் எழுந்து மிதக்கும். இறப்பவர்களும் காது போகிறவர்களும் குறைந்ததை எந்த ஏக்கமும் மறைக்கக் கூடாது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே ஏறத்தாழ 35,000 பேர் வேலை செய்தார்கள். அதற்குப்பின் இறங்குமுகம். விந்தை என்னவென்றால், இன்று நகரத்தின் அடையாளமாக நிற்கும் இரண்டு மஞ்சள் பாரந்தூக்கிகளும் அந்த இறங்குமுகத்தில்தான் எழுந்தன: 1969-இல் 96 மீட்டர் உயரத்தில் கோலியாத், 1974-இல் 106 மீட்டரில் சாம்சன். இனிமேல் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போகும் என்ற கணக்கு சரிதான். அவற்றைக் கட்டப்போவது ஜப்பானும் கொரியாவும் பிறகு சீனாவும் என்பதுதான் கணக்கில் விடுபட்டது. ஸ்வீடனின் மால்மோ நகரில் இருந்த இன்னும் உயரமான பாரந்தூக்கியை 2002-இல் ஒரு டாலர் விலைக்குக் கொரியாவின் உல்சானுக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெல்ஃபாஸ்டின் இரண்டும் தப்பி, பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக நிற்கின்றன. சின்னமாவது ஓர் இயந்திரத்துக்குப் பெருமையா என்று எனக்குத் தெளிவில்லை.

2003-இல் ‘ஆன்வில் பாயிண்ட்’ என்ற கப்பல் வெளியேறியபின் இங்கே முழுக்கப்பல் எதுவும் கட்டப்படவில்லை. பழுதுபார்ப்பும் காற்றாலை வேலையுமாக ஓட்டினார்கள். 2019 ஆகஸ்டில் நிறுவனம் நொடித்தபோது மிஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 130 பேர். அவர்கள் வாயிலை மறித்து வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். புதிய உரிமையாளர் வந்தபின்தான் எழுந்தார்கள்.

கப்பல் பாகங்களுக்குச் சாயம் பூசிய பெருங்கொட்டகையில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரைப் படமெடுத்தார்கள். டைட்டானிக் சரிந்து இறங்கிய இடத்தருகே 2012-இல் அதன் பெயராலேயே அருங்காட்சியகம் திறந்தது. உயரம், அந்தக் கப்பலின் உடல் உயரமே. முன்பு அந்தப் பெயரை ஊர் உரக்கச் சொன்னதில்லை. தன் கையால் செய்தது மூழ்கிப்போனதில் வெட்கம். குறைகளைச் சரிசெய்யத் தளத்திலிருந்து உடன்போன ஒன்பது பேரும், வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ் உட்பட, திரும்பவில்லை என்ற துயரம் அதற்குள்ளே. இன்று, ‘இங்கிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தது’ என்ற கேலி பனியனில் அச்சாகி விற்கிறது. கடலில் ஓடி முடித்த நூற்றுக்கணக்கான கப்பல்களை விட்டுவிட்டு, முதல் பயணத்தையே முடிக்காத ஒன்று சோறு போடுகிறது.

‘எங்கள் தளம்’ என்று பெல்ஃபாஸ்டில் யார் சொன்னாலும், அந்த ‘எங்கள்’ யார் என்று கேட்கத் தோன்றும். வேலை பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளுக்கே போனது. அப்பாவிடமிருந்து மகனுக்கு, மாமாவிடமிருந்து மருமகனுக்கு. 1920 ஜூலை 21 அன்று கத்தோலிக்கத் தொழிலாளர்களையும், அவர்கள் பக்கம் நின்றதாகக் கருதிய புராட்டஸ்டண்ட் சோஷலிஸ்டுகளையும் தளத்தைவிட்டு விரட்டினார்கள். சிலர் தண்ணீரில் குதித்து நீந்தினார்கள். நீந்தியவர்கள்மேல் ரிவெட்டுகளும் திருகாணிகளும் விழுந்தன. இப்படி எறியும் இரும்புத் துண்டுகளுக்கு அந்த ஊரில் ‘பெல்ஃபாஸ்ட் கன்ஃபெட்டி’ என்று பெயர்; நம் வழக்கில் சொன்னால் அட்சதை. தளம் மெலிந்ததை எண்ணி எல்லா வீடும் ஒரே அளவில் அழுதிருக்க முடியாது. அருங்காட்சியக வரிசையில் யாரும் யாருடைய கோயிலையும் கேட்பதில்லை. அங்கே இருப்பது வேலை அல்ல, காட்சி என்பதும் உண்மை.

நமக்கும் இந்தத் தளத்தோடு ஓர் உறவு உண்டு. பிரிட்டன் தனக்கெனத் தொடங்கி, போர் முடிந்ததும் அரைகுறையாக விட்ட ஒரு விமானந்தாங்கிக் கப்பலை இங்கேதான் முடித்துத் தந்தார்கள். 1961 மார்ச் 4 அன்று, பெல்ஃபாஸ்டிலேயே, விஜயலட்சுமி பண்டிட் அதை இந்தியக் கடற்படையில் சேர்த்து வைத்தார்: ஐ.என்.எஸ். விக்ராந்த். அதே பெயரிலான புதிய கப்பல் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் சேவைக்கு வந்தது. கட்டியதும் கொச்சித் தளமே. அந்தத் தளம் தன் முதல் கப்பலான ‘ராணி பத்மினி’யை ஒப்படைத்ததே 1981-இல்தான்.

பெல்ஃபாஸ்ட் தளம் 2025 ஜனவரியில் ஸ்பெயின் அரசு நிறுவனமான நவான்ஷியாவின் கைக்கு வந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்கான மூன்று துணைக் கப்பல்களின் பாகங்களை இங்கே கொண்டுவந்து, சாம்சனுக்கும் கோலியாத்துக்கும் கீழே பொருத்துவதாக ஏற்பாடு. வேலைக்கு ஆள் வேண்டும். கடைசி முழுக்கப்பலில் இருபது வயதில் வெல்டிங் பிடித்த பையனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது.