பல குரல்களிடையே ஒரு குரல்

புயல் வீசும் இரவு. மின்சாரம் நின்றுவிட்டது. பேட்டரியில் இயங்கும் சின்னஞ்சிறு டிரான்சிஸ்டர் வானொலியைச் சுற்றி அமர்ந்து வீட்டார் வானிலை எச்சரிக்கைக்குச் செவிசாய்க்கின்றனர். அவ்வேளையில் பல நிலையங்களின் அலைகள் அப்பெட்டியை வந்தடைகின்றன. அவை யாவும் ஒருசேர ஒலித்தால் எச்சரிக்கை எவர் காதிலும் விழாது. வேண்டிய ஒரு குரலை மட்டும் வானொலி எவ்வாறு பிரித்தெடுக்கிறது?

தொடக்ககால வானொலிகளில், நிலையத்தை மாற்றும்போதெல்லாம் பல குமிழ்களைத் தனித்தனியே திருகிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உயர்ந்த அதிர்வெண் கொண்ட அலைகளை அக்கால வால்வுகளால் செவ்வனே பெருக்கவும் இயலவில்லை. முதல் உலகப்போரின்போது பாரிஸில் பணியாற்றிய அமெரிக்கப் படை அதிகாரி எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918இல் இதற்கு வழி கண்டார். பிரான்ஸின் லூசியன் லெவி 1917இலேயே இத்தகைய கருத்துக்குக் காப்புரிமை கோரியிருந்தார். எந்த நிலையத்தின் அலையாயினும் அதனை ஒரே அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பின்னர்ப் பெருக்குவதே அவ்வழி. இதன் பெயர் 'சூப்பர்ஹெட்டரோடைன்'.

சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையை எடுத்துக்கொள்வோம். குமிழை அங்கே திருப்பியதும், பெட்டிக்குள் உள்ள ஆஸிலேட்டர் 1175 கிலோஹெர்ட்ஸ் அலையொன்றை உண்டாக்குகிறது. இரண்டும் கலக்கும்போது அவற்றின் வேறுபாடாகிய 455 கிலோஹெர்ட்ஸ் பிறக்கிறது. திருச்சி வானொலியின் 936க்குத் திருப்பினால் ஆஸிலேட்டரும் உடன் நகர்ந்து 1391ஐ அடைகிறது. வேறுபாடு மீண்டும் அதே 455தான்! ஒரே குமிழ் இரண்டையும் சேர்த்து நகர்த்துமாறு 'கேங் கண்டன்சர்' அமைந்திருப்பதே இதன் சூட்சுமம்.

உள்ளே காணப்படும் சிறிய உலோகக் கூடுகள் ஐ.எஃப். டிரான்ஸ்பார்மர்கள். அவை 455ஐ ஒட்டிய அலைகளை மட்டுமே கடக்க விடுகின்றன; அண்டை நிலையங்கள் அங்கே தடுக்கப்படுகின்றன. இவ்வாறு பெருக்கப்பட்ட அலையின் வீச்சு, பேசுவோரின் குரலுக்கேற்பக் கூடிக் குறைந்துகொண்டிருக்கும். டயோடு அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்துத் தர, ஸ்பீக்கர் அதனைக் குரலாக ஒலிக்கிறது.

அக்கூடுகளின் தலையில் வண்ணத் திருகுகள் இருக்கும். பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள் விளையாட்டாக அவற்றைத் திருகிவிடுவதுண்டு. திருகினால் 455 என்ற அளவு பிசகி, நிலையங்கள் மங்கும், ஒன்றோடொன்று குழம்பும். உரிய கருவியின்றி அதனைச் சீர்செய்வது அரிது. ஆகவே அவற்றைத் தொடாதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். புயல் இரவில் நாம் நாடும் ஒரு குரல், அத்திருகுகளின் வழியாகவே நம்மை வந்தடைய வேண்டியிருக்கிறது.