பூனாச்சியின் கயிறு யார் கையில்?

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’யை அடக்குமுறை அரசைப் பற்றிய உருவகம் என்று ஒற்றை வரியில் சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிப் படிக்கக் காரணமும் இருக்கிறது. ‘மாதொருபாகன்’ (2010) நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. அதன்பின் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அவரே முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. ‘பூனாச்சி’ அதற்குப் பிறகு வந்த நாவல். மனிதரையும் தெய்வத்தையும் தொட்டால் வம்பு, வெள்ளாடு தொல்லை தராது என்ற பொருளில் முன்னுரையும் எழுதிவைத்தார். பிறகு வாசகர் கண் வேறெங்கே போகும்? ஆனால் நிதானமாகப் படித்தால், பூனாச்சியை அதிகம் அலைக்கழிப்பது அரசு அல்ல, அவளை வளர்த்த கிழவியின் பாசம்தான் என்று தெரியும்.

காது குத்தும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஆட்டுக்குட்டி பிறந்தால் கொண்டுபோய்க் காட்டி, காதில் எண் போட்டுவர வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் அரசைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். கறுப்பு ஆடு இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அரசுக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. சேலம், நாமக்கல் மேட்டாங்காடுகளை அறிந்தவருக்கு இந்தக் குசும்பு உடனே பிடிபடும். ‘சேலம் கருப்பு’ என்று தனி வெள்ளாட்டு இனமே உள்ள பகுதி இது. உடம்பெல்லாம் கறுத்த ஆடுதான் இங்கே சாதாரணம். நாவலில் அந்தச் சாதாரணமே சந்தேகத்துக்குரியதாகிறது. (இன்று நம் மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. தடுப்பூசிக் கணக்குக்கு அது உதவுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பயம் வில்லையில் இல்லை, கேள்வி கேட்பவர் முன்னால் வாய் குழறுவதில் இருக்கிறது.) ஆனால் இந்தக் காட்சி முடிந்ததும் அரசு பின்னால் போய்விடுகிறது. அதன்பின் பூனாச்சிக்கு நேர்வதில் பெரும்பகுதி பட்டிக்குள்தான் நேர்கிறது.

காட்டில் வழி தவறும்போது கயிறும் பட்டியும் இல்லாத வாழ்வு அவளுக்குத் தெரியவருகிறது. அங்கேயே இருந்துவிட மனம் இழுக்கிறது, கிழவியின் நினைப்பும் இழுக்கிறது. திரும்பி வருகிறாள். அவள் ஆசை வைத்தது பூவன் என்ற கிடாய்மேல். கிழவி கொண்டுபோய்ச் சேர்த்ததோ ஒரு கிழட்டுக் கிடாயிடம். ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடுகிறாள், அவை விலைக்குப் போகின்றன. கிழவி கொடுமைக்காரி அல்ல. ஊட்டிய கைதான் பிடித்துக்கொடுக்கிறது, விற்கிறது, பஞ்சம் வந்தபோது தானும் ஒட்டிக் காய்கிறது. யாரை வெறுப்பது என்று பூனாச்சிக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

இப்படிப் படித்தால் அரசைத் தப்பவிட்டதாக ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. கிழவியும் அவள் கணவனான கிழவனும் வாய்திறக்காமல் வரிசையில் நிற்கப் பழகியவர்கள். மேலே பணிந்து போகிறவர், தம் கீழிருக்கும் உயிரின் விருப்பத்தைக் கேட்காமலிருப்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யில் (1945) மிருகங்கள் கலகம் செய்கின்றன, இவள் ஒன்றுமே செய்யவில்லையே என்பது இன்னொரு குறை. கலகம் செய்ய எதிரி வேண்டும். பண்ணையாரை விரட்டலாம், மடியில் போட்டு வளர்த்தவளை எப்படி விரட்டுவது? பூனாச்சியே பெருமாள்முருகன் என்பவர்களுக்கும் இதுதான் பதில். அவர் மௌனத்தை அறிவித்துவிட்டு ஒதுங்கியவர், தீர்ப்புக்குப் பின் மீண்டும் எழுத வந்தவர். அவளுக்கு அறிவிக்கவும் வழியில்லை, மீளவும் வழியில்லை.

முடிவில் பூனாச்சி கல்லாகிச் சிலையாவதை ஆறுதலாகச் சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. சிலைக்குத் தீனி வைக்க வேண்டாம், குட்டி விற்க வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், கும்பிட்டால் போதும். உயிரோடு இருந்தவளுக்குக் கொடுக்க முடியாததைக் கல்லுக்குக் கொடுப்பது கிழவிக்கு எளிது. என். கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக நாவல் வெளிநாடுகளிலும் படிக்கப்பட்டது. அங்குள்ளவர் அதில் முதலில் அரசைத்தான் பார்ப்பார்கள். ஆடு வளர்த்து, பள்ளிக் கட்டணத்துக்கோ பண்டிகைச் செலவுக்கோ அதைச் சந்தைக்கு ஓட்டிப்போன குடும்பங்கள் நிறைந்த நாமக்கல் பக்கத்து வாசகராவது கிழவியை விட்டுவிட்டு இந்த நாவலைப் படிக்கக் கூடாது.