குறைந்த பிறகும் கூடும் கணக்கு

தென் கொரியாவில் 1960-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். அரசு குடும்பக் கட்டுப்பாட்டில் தீவிரமாக இறங்கியது. 1983 வாக்கில் அந்தச் சராசரி 2.1-க்குக் கீழே வந்துவிட்டது. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளத் தேவையான அளவு இந்த 2.1. பெற்றோர் இருவருக்கு இரண்டு பிள்ளைகள். ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதாலும், பெண் குழந்தைகளில் சிலர் தாயாகும் வயதை எட்டாமல் இறந்துவிடுவதாலும் மேற்கொண்டு 0.1.

ஆனால், அதற்குப் பிறகும் 37 ஆண்டுகள் அந்நாட்டின் மக்கள்தொகை ஏறிக்கொண்டேதான் இருந்தது. 2020-ல்தான் பிறப்பை இறப்பு முந்தியது.

காரணம், வயது அமைப்பு. முன்பு ஏராளமாகப் பிறந்தவர்கள் அப்போது இளம்வயதினர். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பெற்றாலும் தாய்மார்கள் மிகுதி. முதியோர் குறைவு என்பதால் இறப்பும் குறைவு. ‘மக்கள்தொகை உந்தம்’ என்று இதைச் சொல்வார்கள். ஆட்கள் கூடிக்கொண்டே போனதால், பிறப்பைக் குறைக்கும் கொள்கையை அரசு 1996-ல்தான் கைவிட்டது.

இதே உந்தம் எதிர்த்திசையிலும் தள்ளும். 1970-ல் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 10 லட்சம், 2023-ல் 2.3 லட்சம். அந்த ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. அந்த 2.3 லட்சத்தில் பெண்கள் ஏறத்தாழ பாதி. வளர்ந்தபின் அவர்கள் தலைக்கு இரண்டு பிள்ளை பெற்றாலும் அதே 2.3 லட்சம்தான் தேறும். பிறக்காமல் போன பெண்களை எந்த ஊக்கத்தொகையாலும் தாயாக்க முடியாது. கிராமப்புறப் பள்ளிகள் மூடப்படுகின்றன. படைக்கு ஆள் திரட்டுவதும் சிரமமாகிவிட்டது. 2024 இறுதியில் அந்நாட்டில் ஐந்தில் ஒருவர் 65 வயதை எட்டியவர்.

ஆப்பிரிக்காவின் நைஜரில் இன்றும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். மக்களில் பாதிக்கு மேல் 18 வயதுக்குக் கீழ். அங்கே பிறப்பு விகிதம் எவ்வளவு வேகமாகச் சரிந்தாலும் பல பத்தாண்டுகளுக்கு மக்கள்தொகை கூடியே தீரும். 2024-ல் 820 கோடியான உலக மக்கள்தொகை, 2080-களின் நடுவில் 1,030 கோடியைத் தொட்டுப் பிறகு இறங்கும் என்பது ஐ.நா. கணிப்பு. அடுத்த 30 ஆண்டு வளர்ச்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த உந்தத்தால் வருவதுதான்.

ஆக, ஒரு நாட்டின் மொத்தத் தொகை சொல்வது பெரும்பாலும் பழைய கதை. மருத்துவமனைக்கும் ஓய்வூதியத்துக்கும் திட்டம் போடுபவர்கள், இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவது நல்லது.