மேடை நாளைக்கு எங்கே போகும்?



போன வாரம் எங்கள் தெருவில் திருவிழா. பாட்டுக் கச்சேரி முடிந்து எல்லாரும் கிளம்பும்போது, எதிர்வீட்டு மூன்றாம் வகுப்புக்காரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, இந்த மேடை நாளைக்கு எங்கே போகும்?"

பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, பாருங்கள். மேடையைப் பற்றிக் கேட்டாள்! இப்படிக் கேட்கிற பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்களும் அந்தக் கூட்டம்தானே?

கச்சேரி மேடைக்கு ஆயுசு மூன்று நாளோ நான்கு நாளோதான். அதற்காக வாங்கும் பலகையும் பிளாஸ்டிக் துணியும் அப்புறம் குப்பைக்குப் போனால்? கணக்கு இடிக்கிறது, இல்லையா?

இந்தக் கணக்கை அழகாகப் போட்ட ஓர் ஊர் அருணாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. பேர் ஜீரோ! பரீட்சையில் வாங்குகிற ஜீரோ இல்லை. நம் ஏற்காடு அளவு உயரத்தில் இருக்கும் பச்சைப் பள்ளத்தாக்கு. அங்கே 2012-இல் ஓர் இசைவிழாவைத் தொடங்கினார்கள். செப்டம்பர் கடைசியில், வயலில் நெல் முற்றும் நேரத்தில் நடக்கும். பகலுக்கு ஒரு மேடை, இரவுக்கு ஒரு மேடை. அந்த ஊர் அபதானி மக்களின் மொழியில் அவற்றுக்குச் சூரியன், நிலா என்று பெயர்.

மேடைகளை எதில் கட்டுகிறார்கள் தெரியுமா? மூங்கிலில்! இரும்புச் சட்டங்களை லாரியில் ஏற்றி, மலை வளைவுகளில் திணறித் திணறிக் கொண்டுவர வேண்டாம். மூங்கில் அங்கேயே வளர்கிறது. அபதானிகள் அதைத் தோப்பாக நட்டு வளர்ப்பவர்கள். வீடு, வேலி, கூடை எல்லாமே அவர்களுக்கு மூங்கில்தான்.

"உள்ளே வெறும் ஓட்டை. அது எப்படி மாமா மேடையைத் தாங்கும்?" சபாஷ்! சரியான இடத்தில் பிடித்தீர்கள்.

உங்கள் அழி ரப்பரை எடுங்கள். பக்கவாட்டில் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள் போடுங்கள், வேலிக் கம்பு மாதிரி நேராக. இப்போது ரப்பரை வளையுங்கள். என்ன தெரிகிறது? வெளிவளைவில் கோடுகள் விலகுகின்றன, உள்வளைவில் நெருங்குகின்றன. நடுவில்? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை! அதாவது, வளையும்போது கஷ்டப்படுவது ஓரங்கள். நடுப்பகுதி சும்மா உட்கார்ந்திருக்கும் பையன் மாதிரி.

சும்மா இருப்பவன் எதற்கு என்று மூங்கில் அவனை எடுத்தே விட்டது! அதனால் எடை குறைவு, பலம் கிட்டத்தட்ட அப்படியே. மாங்காய் பறிக்கும் தொரட்டியை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு நீளக் கழியை நீங்களே தூக்குகிறீர்கள், அதுவும் வளைகிறதே தவிர ஒடிவதில்லை.

அறுத்த மூங்கில் கிடைத்தால் அதன் வாயை உற்றுப் பாருங்கள். பழுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவைதான் நார்க்கட்டுகள். உள்பக்கம் தள்ளித் தள்ளி இருக்கும். தோல் பக்கம் போகப்போக, பள்ளி மணி அடித்ததும் வாசலில் நெருக்குகிற பிள்ளைகள் மாதிரி நெருங்கி நிற்கும். எங்கே பலம் வேண்டுமோ அங்கேயே நார்! இடையிடையே கணு வேறு. கணுவுக்கு உள்ளே ஒரு தடுப்பு இருப்பதால் குழாய் சப்பிப் போகாது.

புரிகிறதா? இல்லையென்றால் ரப்பரை இன்னொரு தடவை வளையுங்கள்.

மூங்கில் ஒரு புல், நெல்லுக்கும் கரும்புக்கும் சொந்தக்காரன். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி முளைக்கும். சில வகைகள் ஒரே நாளில் 90 செ.மீ. வரைகூட வளரும்! ஆனால் இளம் மூங்கிலில் மேடை கட்டக்கூடாது. முற்றுவதற்கு மூன்று, நான்கு வருஷம் வேண்டும்.

கழி பலமாக இருந்தால் மட்டும் போதுமா? என் கதையைக் கேளுங்கள். நான் ஆறாவது படிக்கும்போது ஆண்டு விழாவுக்கு வகுப்புப் பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டி மேடை போட்டார்கள். பின்னால் நான்கு கழிகளைச் சதுரமாகக் கட்டிப் படுதா தொங்கவிட்டார்கள். என் நண்பன் கட்டபொம்மனாக மீசையை முறுக்கும் நேரம் பார்த்துக் காற்று அடித்தது. படுதா பட்டம் மாதிரி உப்பியது. சதுரம் சாய்ந்தது. கட்டபொம்மன் ஓடிவிட்டான்!

மேடை கட்டித் தந்த பந்தல்கார அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு கழியை மூலைக்கு மூலை குறுக்கே கட்டினார். அவ்வளவுதான், ஆட்டம் நின்றது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது அல்லவா? சதுரத்தைத் தள்ளினால் சாயும், முக்கோணம் சாயாது. ஈர்க்குச்சியும் நூலும் வைத்து நீங்களே செய்து பாருங்கள்.

பிறகு படுதாவில் பிறை பிறையாக வெட்டிக் காற்றுக்கு வழி விட்டார். வீதியில் கட்டும் பெரிய பேனர்களிலும் இந்த ஓட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். இடைவெளி விட்டுப் பின்னிய மூங்கில் தட்டிக்கு அந்த வேலையே இல்லை, காற்று தானே புகுந்து போய்விடும்.

இன்னொன்று. அவர் ஆணி அடிக்கவே இல்லை. ஆணி அடித்தால் மூங்கில் நாரோடு பிளந்துவிடும். பிளந்த கழி அடுப்புக்குத்தான். கயிறு என்றால் முடிச்சை அவிழ்த்தால் போதும், கழி முழுசாகக் கிடைக்கும். அடுத்த விழாவுக்கு ஆகும், வேலிக்கு ஆகும், கோழிக்கூண்டுக்கும் ஆகும்.

மேடை மூங்கிலாக இருந்துவிட்டால் விழாவே பசுமையாகிவிடுமா? அப்படிச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று அர்த்தம். விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் மின்சாரம் வேண்டும். கூட்டம் வண்டி பிடித்து வருகிறது. அந்தப் புகையை மூங்கில் மறைக்காது. ஆனாலும் எதிர்வீட்டுச் சின்னவள் கேட்ட கேள்விக்கு ஜீரோவில் ஒரு நல்ல பதில் கிடைக்கிறது.

எங்கள் ஆண்டு விழா மேடை எங்கே போனது என்று கேட்கவில்லையே? மறுநாள் காலை மணி அடித்ததும் அதன் மேல்தான் உட்கார்ந்து கணக்குப் பாடம் படித்தோம். என் பெஞ்சின் காலில் தேங்காய் நார்க் கயிறு அழுத்திய தடம் வருஷம் முழுக்க இருந்தது.