பாறையைப் படிக்கும் பட்டம்

தமிழ்நாட்டில் இளநிலை நிலவியல் பட்டப்படிப்பை நடத்தும் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி எனச் செல்லும் அந்தப் பட்டியல் நீண்டதன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை இதனை ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பாகவும் வழங்கிவருகிறது. பிளஸ் டூ முடித்த மாணவர்களில் பலர் இப்படியொரு பாடம் இருப்பதையே விண்ணப்பப் படிவத்தில்தான் முதன்முதலாகக் காண்கிறார்கள். கண்டவர்களிலும் ஒரு பகுதியினர் அதைப் பள்ளியில் படித்த புவியியலின் தொடர்ச்சி என்றே கருதிவிடுகிறார்கள். புவியியல் நிலப்பரப்பையும் அதன்மீது அமையும் மனித வாழ்வையும் பார்ப்பது. ஜியாலஜி என்று கல்லூரிகளில் வழங்கும் நிலவியலோ அந்த நிலம் எதனால் ஆனது, எப்போது உருவானது, எந்த விசைகள் அதை மடித்தும் உடைத்தும் தூக்கியும் இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தன என்று கீழ்நோக்கியும் பின்னோக்கியும் ஆராய்வது. இந்தப் பாடம் தமிழ்நாட்டில் கவனிப்பாரற்றுக் கிடப்பது உண்மையிலேயே வருந்தத்தக்கது. ஏனெனில் சேலத்திலிருந்து காலையில் புறப்படும் ஒரு மாணவர் 250 கோடி ஆண்டுகள் பழமையான பாறையையும், 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த மண்ணையும் ஒரே நாளில் தொட்டுப் பார்த்துவிட முடியும்.

படிப்பு கனிமத்திலிருந்து தொடங்குகிறது. இயற்கையில் தோன்றி, குறிப்பிட்ட வேதிச் சேர்க்கையும் ஒழுங்கான அணு அடுக்கும் கொண்ட திண்மப் பொருளே கனிமம். அத்தகைய கனிமங்கள் ஒன்றாகவோ பலவாகவோ திரண்டு அமைவது பாறை. முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கப்படும் கல்லை நகத்தாலும் செப்புக் காசாலும் கத்தி முனையாலும் கீறிப் பார்த்து அதன் கடினத்தன்மையை மதிப்பிடக் கற்றுக்கொள்கிறார். இதற்கு அளவுகோலாக இருப்பது ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த, டால்க் 1 என்றும் வைரம் 10 என்றும் எண்ணிடப்பட்ட வரிசை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டதும் நுரைத்துப் பொங்கினால் அது பெரும்பாலும் கால்சைட். பொங்காவிட்டால் அது குவார்ட்ஸாகவோ ஃபெல்ட்ஸ்பாராகவோ இருக்கலாம். இவை எளிய சோதனைகளாகத் தோன்றினாலும் கண்ணையும் கையையும் ஒருங்கே பழக்குபவை.

அடுத்த படி நுண்ணோக்கி. பாறைத் துண்டொன்றைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அதை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால், கருங்கல்லும் வெங்காயச் சருகுபோல ஒளியை உள்ளே விடும். ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டப்பட்ட ஒளியை அதனூடே செலுத்தி, மேடையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கும்போது, வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்த கல்லுக்குள் ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய நிறத்தோடும் கோடுகளோடும் பிரிந்து தெரிகிறது. எந்தக் கனிமம் முதலில் உறைந்தது, எது பின்னர் அதன் இடைவெளியை நிரப்பியது, பாறை எந்த அளவு அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ளானது என்பதையெல்லாம் அந்தச் சின்னஞ்சிறு வட்டத்துக்குள் வாசிக்க முடிகிறது. நெருப்புக் குழம்பு குளிர்ந்து உருவான தீப்பாறை, மணலும் வண்டலும் படிந்து இறுகிய படிவுப்பாறை, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தன் இயல்பே மாறிய உருமாறிய பாறை என்று பள்ளிப் பாடநூல் சொல்லும் மூன்று வகைகளும் வெறும் பெயர்களாக இல்லாமல் வரலாறுகளாக மாறுவது இந்த இடத்தில்தான்.

ஆயினும் ஆய்வுக்கூடம் இந்தப் படிப்பின் பாதியே. மறுபாதி களத்தில் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மாணவர்கள் சுத்தியலும் கைக்கண்ணாடியும் கிளைனோமீட்டரும் ஏந்தி, 1:50,000 அளவிலான டோப்போ ஷீட் எனப்படும் நிலப்பட வரைதாளோடு வெளியே செல்கிறார்கள். கிளைனோமீட்டர் என்பது பாறை அடுக்கு எந்தத் திசையில் நீள்கிறது, எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதை அளக்கும் கருவி. இப்படிப் பல இடங்களில் எடுத்த அளவுகளை வரைதாளில் குறித்து இணைக்கும்போது, நிலத்துக்கு அடியில் அடுக்குகள் எங்கே மடிந்திருக்கின்றன, எங்கே பிளந்து விலகியிருக்கின்றன என்பது மெல்ல மெல்லத் தெளிவாகிறது. கண்ணுக்குத் தெரியும் சிறிதளவைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத பெரும்பகுதியை ஊகிக்கும் இந்தத் திறமையே நிலவியலாளரை மற்ற அறிவியலாளரிடமிருந்து வேறுபடுத்துவது. இதை எந்த நூலும் கற்பித்துவிட முடியாது.

களம் தேடித் தொலைவு செல்லவும் தேவையில்லை. சென்னை மெட்ரோ ரயிலில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் பரங்கிமலையின் கருநீலப் பாறைதான், உலகெங்கும் நிலவியல் நூல்களில் சார்னோகைட் என்ற பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் இதைத் தனி வகையாக அடையாளம் கண்டு, கொல்கத்தாவில் இதே பாறையால் ஆன, ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை நினைத்து அந்தப் பெயரைச் சூட்டினார். நிலத்தின் மிக ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவாகும் இந்தப் பாறை இன்று தரைக்கு மேலே நிற்கிறதென்றால், அதற்கு மேலே இருந்த பல கிலோமீட்டர் தடிமனான பாறை முழுவதும் அரிக்கப்பட்டுப் போய்விட்டது என்று பொருள். பரங்கிமலைக்கு அடுத்த பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று அதே துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், செம்பூராங்கல் சரளைக்கிடையே மனிதக் கையால் செதுக்கப்பட்ட ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். பாறைகளை வரைபடமாக்குவதே அவருடைய வேலை. எந்தக் கல் இயற்கையாக உடைந்தது, எந்தக் கல் அப்படி உடைந்திருக்க முடியாது என்று பிரித்தறியும் பழக்கம் அவருக்கு இருந்ததால், இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு ஒரு நிலவியலாளரின் கண்ணிலிருந்து தொடங்கியது.

சேலம் வட்டாரம் இதனினும் செழிப்பானது. உள்ளூரில் வெள்ளைக்கல் என்று வழங்கும் மேக்னசைட், ஆலிவின் கனிமம் மிகுந்த கரும்பச்சைப் பாறையின் வெடிப்புகளில் நரம்புநரம்பாக ஓடுவதைச் சுரங்கச் சுவர்களில் காணலாம். உலைகளின் உட்சுவருக்கான வெப்பந்தாங்கும் செங்கல் செய்ய இது பயன்படுகிறது. கஞ்சமலையில் இரும்புத் தாதான மேக்னடைட்டும் குவார்ட்ஸும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியில் கிடைக்கும் வெளிர்நிற அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநிலங்களில் உள்ள பாறையை ஒத்திருப்பதால், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கு கலத்தைச் சோதிப்பதற்கான செயற்கை நிலவு மண்ணை இப்பகுதிப் பாறையைப் பொடித்தே உருவாக்கியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கிய வெற்றியில் சித்தம்பூண்டிப் பாறைக்கும் ஒரு பங்கு உண்டு.

அரியலூர், பெரம்பலூர் பகுதிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்து இந்தியா விலகிச் சென்றபோது கிழக்குக் கரையோரம் தாழ்ந்து காவிரிப் படுகை உருவாகி, கிரீட்டேஷியஸ் எனப்படும் காலத்தில் கடல் உள்ளே புகுந்தது. சில கோடி ஆண்டுகள் முன்னேறியும் பின்வாங்கியும் அது விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லும் களியும் மணற்கல்லும் இன்று வயல்களுக்கும் ஓடைகளுக்கும் இடையே வெளித்தெரிகின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டின் 1862ஆம் ஆண்டு ஆய்வேடு இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பகுத்தது. அந்தப் பெயர்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. மொராவியாவிலிருந்து வந்து அதே துறையில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டாலிஸ்கா, இங்கே கிடைத்த தொல்லுயிர் எச்சங்களை, அதாவது பாறைக்குள் பதிந்து கல்லாகிப்போன உயிர்களின் உடற்பகுதிகளை, பெருந்தொகுதிகளாக விவரித்து எழுதினார். சுருண்ட ஓடுகொண்ட அம்மோனைட் என்ற கடலுயிரி குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட வடிவத்தோடு மட்டுமே வாழ்ந்தது என்பதால், அதைக் கண்டெடுக்கும் மாணவர் பாறையின் வயதையே கையில் எடுத்துவிடுகிறார். காரைப் பகுதியில் மழைநீர் அரித்து ஓடிய சிவந்த களிமேடுகள், கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்புகள், சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் ஆகிய அனைத்தும் ஒரு மணிப் பயணத்துக்குள் அடங்குகின்றன. சாத்தனூர் மரத்தை 1940இல் கண்டறிந்தவர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன். 1851இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் தலைமையேற்ற முதல் இந்தியரும் அவரே. இங்குள்ள சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள் என்பதால், சுரங்கங்கள் புதிய பாறை முகங்களைத் திறந்துகாட்டுகின்றன; அதே வேகத்தில் அவற்றை அழித்தும்விடுகின்றன. முக்கியமான பாறை முகங்களையாவது வேலியிட்டுக் காப்பது அரசின் கடமை. அதுவரை அவற்றைப் பார்த்துப் பதிவுசெய்ய மாணவர்களாவது போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் படிப்பு சாதாரண மக்களின் வாழ்வோடு மிக நெருங்கித் தொடர்புகொள்வது தண்ணீர் விஷயத்தில். தமிழ்நாட்டின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலம் கடும்பாறைப் பகுதி. அங்கே நிலத்தடி நீர் ஏரிபோலத் தேங்கி நிற்பதில்லை. மேலே சிதைந்து நொறுங்கிய பாறைப் படலத்திலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே அது தங்குகிறது. அதனால்தான் ஒரு தோட்டத்தில் நீர் கொட்டும் ஆழ்துளைக் கிணற்றுக்கு இருபது அடி தள்ளித் தோண்டிய கிணறு வெறும் புழுதியைத் துப்புகிறது. நீர்நிலவியல் என்ற பாடம் அந்த வெடிப்புகளைத் தேடக் கற்றுத்தருகிறது: செயற்கைக்கோள் படத்தில் நேர்கோடுகளாகத் தெரியும் பிளவுகளைக் குறித்துக்கொண்டு, களத்துக்குச் சென்று நான்கு கம்பிகளை நிலத்தில் ஊன்றி, இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி மற்ற இரண்டில் மின்னழுத்தத்தை அளந்தால், ஈரப்பாறை மின்னோட்டத்தை எளிதாகவும் உலர்ந்த கடும்பாறை அரிதாகவும் கடத்துவதைக் கொண்டு ஆழத்தில் இருப்பதை மதிப்பிடலாம். இந்த மதிப்பீடும் பொய்ப்பதுண்டு என்றாலும், தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நம்பி விவசாயி கடன் வாங்கிக் குழாய் இறக்குவதைவிட இது எவ்வளவோ மேலானது. நீரின் தரத்துக்கும் பாறையே காரணம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக் கனிமங்களிலிருந்து கரைந்து வரும் ஃபுளூரைடு தலைமுறைகளின் பற்களையும் எலும்புகளையும் பாதித்ததால்தான், அந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது.

வேலைவாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்வதே முறை. மூன்றாண்டுப் பட்டம் மட்டும் பெற்றவருக்குச் சிமெண்ட் ஆலைகளிலும் கிரானைட் குவாரிகளிலும் நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் சிறு நிறுவனங்களிலும் கணினி வரைபடப் பணிகளிலும் இடம் கிடைக்கலாம். ஆனால் நிலவியலாளர் என்ற பதவிப் பெயரோடு வரும் அரசுப் பணிகளுக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் வேண்டும். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வின் வழியே இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆட்கள் எடுக்கப்படுகிறார்கள். மாநிலத்தில் புவியியல் மற்றும் சுரங்கத் துறை இருக்கிறது; அதன் பெயரில் உள்ள புவியியல் நிலவியலையே குறிக்கும். இளநிலை முடித்தவர்கள் ஜாம் என்ற நுழைவுத் தேர்வை எழுதி ஐ.ஐ.டி.களில் முதுநிலை சேரலாம். ஆகவே இதை ஐந்தாண்டுப் படிப்பாகவே மனத்தில் கொண்டு தொடங்குவது நல்லது. பெண்களுக்கு நிலத்தடிச் சுரங்கப் பணி 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தால் மறுக்கப்பட்டிருந்தது; 2019இல் அந்தத் தடை நிபந்தனைகளோடு தளர்த்தப்பட்டது. மகளைக் களப்பயணத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிகழ்ந்த நிலச்சரிவு, சரிவுகளைப் படிக்கத் தெரிந்தவர்களின் தேவையை நாடு முழுவதற்கும் உணர்த்தியது. அத்தகையோரை உருவாக்கும் பயிற்சி களத்தில்தான் நடக்க வேண்டும். சில இடங்களில் களப்பயணம் செலவைக் காரணம் காட்டிச் சுருக்கப்பட்டு, ஒரு சுற்றுலாப் பேருந்தும் சில புகைப்படங்களுமாக முடிந்துவிடுகிறது. அப்படிப் படித்தவர் பட்டம் பெறுவாரே தவிர நிலவியலாளர் ஆகமாட்டார். எனவே இந்தப் பாடத்தில் சேர விரும்பும் மாணவரும் அவர் பெற்றோரும், ஆண்டுக்கு எத்தனை நாள் களப்பணி உண்டு, நிலவியல் வரைபடத்தை மாணவரே அளந்து வரைகிறாரா, நுண்ணோக்கிகள் இயங்கும் நிலையில் இருக்கின்றனவா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே துறைத் தலைவரிடம் நேரில் கேட்டறிய வேண்டும். இவற்றுக்குத் தெளிவான விடை தரும் கல்லூரி வீட்டிலிருந்து தொலைவில் இருந்தாலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.